மார்கழி வெயில் மாடியில் எங்கே விழுகிறது?

எங்கள் மாடியில் முதன்முதலாக முள்ளங்கி போட்ட வருடம், இலை மட்டும் முழங்கால் உயரத்துக்கு வந்தது. நாற்பது நாள் கழித்துப் பிடுங்கினால் கீழே சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர். விதை சரியில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த வருடம் வேறு கடையில் விதை வாங்கி, அதே பைகளில், அதே இடத்தில் போட்டேன். திரும்பவும் சுண்டுவிரல்தான். மண்ணில் சத்து போதவில்லையோ என்று மண்புழு உரத்தைக் கூட்டினால், இலை இன்னும் பெரிதாக வந்தது. சாம்பாருக்கு முள்ளங்கி பிடுங்க மாடியேறிய என் மாமியார், ஒரு கட்டு இலையோடு இறங்கிப் போய் அதைப் பொரியல் செய்தார். பொரியல் நன்றாகத்தான் இருந்தது. அதை வேறு சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

குற்றம் விதையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. பைகளைத் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருந்தேன். ஜூன் மாதத்தில் அந்த இடம் நாள் முழுக்க வெயிலில் காய்வதைப் பார்த்துத்தான் அங்கே வைத்தேன். டிசம்பரில் அதே இடத்தில் ஒரு பொட்டு வெயில்கூட விழுவதில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் பிடித்தது.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் மண்ணைப் பற்றிப் பேசுவோம், உரத்தைப் பற்றிப் பேசுவோம், பூச்சியைப் பற்றிப் புலம்புவோம். வெயிலைப் பற்றி மட்டும் 'நல்லா வெயில் படுற இடம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வோம். அந்த இடம் வருடத்தில் இரண்டு முறை மாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கணக்கெல்லாம் நான் இருக்கும் சென்னைப் பக்கத்துக்கானது. மதுரையிலும் கோவையிலும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதான்.

சூரியன் தெற்கே போகிற காலம்

பூமி தன் அச்சில் ஏறத்தாழ 23.4 டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. ஆண்டில் பாதி நாள் வட பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், மீதி நாள் தென் பாதி. மாடியில் நின்று பார்க்கிற நமக்கு இது எப்படித் தெரியும் என்றால், சூரியன் ஆறு மாதம் வடக்கு நோக்கி நகர்வதாகவும் ஆறு மாதம் தெற்கு நோக்கி நகர்வதாகவும் தெரியும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது இதைத்தான்.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே, கோடை முழுக்க, அது நமக்கு வடக்கே நிற்கும். ஆமாம், வடக்கே. ஜூன் 21 அன்று நண்பகலில் நம் நிழல், கொஞ்சூண்டு என்றாலும், தெற்குப் பக்கம்தான் விழும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு சூரியன் தெற்கே இறங்கத் தொடங்கி டிசம்பர் 21, 22 வாக்கில் கடைசி எல்லையைத் தொடுகிறது. அன்று நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. ஜூனில் இதே உயரம் ஏறத்தாழ 80 டிகிரி.

உதிக்கிற இடமும் மாறும். 'கிழக்கே உதிக்கும்' என்று பள்ளியில் படித்தது மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான் சரி. டிசம்பரில் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஜூனில் ஒரு செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் வரும் சூரியன், மார்கழியில் நாலு தெரு தள்ளி ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் வருகிறது.

இதிலிருந்து தோட்டக்காரருக்குத் தேவையான ஒரே ஒரு கணக்கு கிடைக்கிறது. டிசம்பர் நண்பகலில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். 3 அடிக் கைப்பிடிச் சுவர் என்றால் இரண்டேகால் அடி நிழல். தெற்குப் பக்கத்து வீடு உங்கள் மாடித்தரையைவிட 20 அடி உயரம் என்றால் 15 அடி நிழல். ஜூனில் அந்த 3 அடிச் சுவரின் நிழல் அரையடி போலத்தான், அதுவும் எதிர்ப்பக்கம். என் முள்ளங்கிப் பைகள் அந்த இரண்டேகால் அடிக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தன. காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும், ஆகவே அந்தப் பட்டைக்குள் எந்த நேரத்திலும் வெயில் எட்டிப்பார்க்கவே இல்லை.

ஊர் தெற்கே போகப் போக நிழல் கொஞ்சம் சுருங்கும். கன்னியாகுமரியில் உயரத்தில் பத்தில் ஆறு பங்குதான். தில்லியில் உயரத்தைவிடக் கால் பங்கு அதிகம். லண்டனில் மூன்றரை மடங்குக்கும் மேல். இணையத்தில் கிடைக்கிற குளிர்காலத் தோட்ட ஆலோசனைகள் பலவும் இந்தக் கடைசி வகை ஊர்களிலிருந்து வருபவை. கண்ணாடிக் கூண்டு கட்டு, கறுப்புத் துணி போர்த்து, வெயில் போதாது விளக்குப் போடு என்பார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். நமக்கு வெயில் குறையவில்லை, சாய்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஊத்தப்பமும் பேப்பர் ரோஸ்ட்டும்

சாய்ந்த வெயில் ஏன் இதமாக இருக்கிறது? ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் கொட்டி அப்படியே விட்டால் ஊத்தப்பம். அதே ஒரு கரண்டியை இழுத்துத் தேய்த்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு அதேதான், பரப்பு கூடியதால் தடிமன் குறைகிறது. உச்சியிலிருந்து இறங்கும் வெயில் ஊத்தப்பம். சாய்ந்து வரும் வெயில் அதே கற்றையை அகலமான தரையில் பரப்புவதால் ஒவ்வொரு சதுர அடிக்கும் கிடைப்பது மெலிசாகிறது. அதோடு சாய்ந்து வரும்போது காற்று மண்டலத்தை அதிக தூரம் கடக்க வேண்டியிருக்கிறது, வழியிலேயே கொஞ்சம் தேய்ந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் தேய்மானம் ரொம்பக் கிடையாது. மேகமில்லாத நண்பகலில், சாய்வால் குறைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில்தான். ஜூலையைவிட 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் வரும் ஒளி 7 சதவீதம் போல் கூடுகிறது. குளிர்காலத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. என் மகன் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான்.

பகலின் நீளமும் பெரிதாகச் சுருங்குவதில்லை. சென்னையில் ஜூனில் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம் பகல், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

இலையின் வயிறு

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வெயில் கொஞ்சம் குறைந்தால் செடிக்குக் கிடைப்பதும் குறையத்தானே வேண்டும்? பெரும்பாலான காய்கறிகளுக்கு அப்படியில்லை. தக்காளி, அவரை, பாலக், முள்ளங்கி, முட்டைக்கோஸ் இவற்றின் இலைக்கு முழு நண்பகல் வெயிலில் பாதியோ அதற்குக் கீழோ கிடைத்தாலே வயிறு நிறைந்துவிடும். அதற்குமேல் கொட்டுகிற ஒளி அந்த இலைக்கு உபரி. உபரியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, மே மாதத்தில் அது தொல்லை. கூடவே வரும் சூட்டில் தண்ணீர் அதிகம் இழக்காமலிருக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, சமையல் நின்றுவிடும். அக்னி நட்சத்திர மத்தியானத்தில் தக்காளிச் செடி தொங்கிப் போய் நிற்பது வெயிலைச் சாப்பிட்டுக்கொண்டு அல்ல, கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கிறது.

மார்கழி, தையில் வெயில் வயிறு நிறைய இருக்கிறது, சூடு இல்லை. சென்னையில் ஜனவரியில் சராசரியாகப் பகல் உச்சம் 30 டிகிரியை ஒட்டியும், இரவு 21 டிகிரியை ஒட்டியும் இருக்கும். இலை நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்கிறது. இரவுக் குளுமையில் செடி மூச்சுவிடுவதற்குச் செலவழிக்கும் சர்க்கரையும் குறைவு. வரவு நிறைய, செலவு கம்மி. மீதி எங்கே போகும்? கேரட்டின் வேருக்கு, பீட்ரூட்டின் கிழங்குக்கு, முட்டைக்கோஸின் உருண்டைக்கு.

தக்காளியின் நிறத்தையே பாருங்கள். அதைச் சிவப்பாக்கும் லைக்கோபீன் என்கிற நிறமி 30 டிகிரிக்கு மேலே சரியாக உருவாகாது. மே மாதம் மாடியில் பழுத்தது ஆரஞ்சும் மஞ்சளுமாக, தோள்பட்டை மட்டும் பச்சையாக இருக்கும். தை மாதத்துப் பழம் குங்குமம். நாட்டு ரகம், ஹைபிரிட் என்று வாதாடுவதற்கு முன்னால் எந்த மாதத்தில் பழுத்தது என்று கேட்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை இவை மூன்றும் வேறு சாதி. இவற்றின் இலை வெயிலைச் சமைக்கும் முறையே வேறு, சோளம் கரும்பு மாதிரி. எவ்வளவு வெயில் கொடுத்தாலும் வாங்கும், சூடு இருந்தால் இன்னும் உற்சாகம். மே மாதத்தில் இருபது, இருபத்தைந்து நாளில் பறிக்கிற கீரை மார்கழியில் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். வெண்டையும் குளிருக்குச் சுணங்கும். அந்தப் பைகளில் கொத்தமல்லி போடுங்கள். கோடையில் நாலு இலை விட்டதும் பூவெடுத்து நம்மை ஏமாற்றுகிற அதே கொத்தமல்லி, மார்கழி வெயிலில் கொத்துக் கொத்தாக வரும். விதையை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடையும்படி தேய்த்துவிட்டு விதைக்க வேண்டும். முழுசாகப் போட்டாலும் முளைக்கும், தாமதமாக.

ஒரு சாக்பீஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை

சரி, உங்கள் மாடியில் எங்கே வைப்பது? செயலி எதுவும் வேண்டாம். சாக்பீஸ் ஒன்று போதும். டிசம்பரிலோ ஜனவரி முதல் பாதியிலோ மேகமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு மாடியேறி, நிழல் முடிகிற ஓரத்தில் கோடு போடுங்கள். சுவர் நிழல், தண்ணீர்த் தொட்டி நிழல், படிக்கட்டு அறையின் நிழல் எல்லாவற்றுக்கும். பக்கத்தில் 8 என்று எழுதிவிடுங்கள். 10, 12, 2, 4 மணிக்குத் திரும்பவும் அதையே செய்யுங்கள். சாயங்காலம் பார்த்தால் தரை முழுக்க நொண்டி விளையாட்டுக்கு வரைந்த மாதிரி இருக்கும். எந்தக் கட்டத்தில் எத்தனை மணி நேரம் வெயில் நின்றது என்று எண்ணிவிடலாம்.

நான் வரைந்தபோது கிடைத்த படம் இது. கிழக்குச் சுவரின் நிழல் காலை 8 மணிக்கு ஏழடிக்கு நீண்டு கிடந்தது. 10 மணிக்குள் இரண்டேகால் அடிக்கு வந்துவிட்டது. மேற்குச் சுவர் 4 மணிக்கு ஆறடி. தெற்குச் சுவரோரம் அந்த இரண்டேகால் அடிப் பட்டை நாள் முழுக்க இருட்டு. தண்ணீர்த் தொட்டி தென்மேற்கு மூலையில் இருப்பதால் அதன் நிழல் மத்தியானத்துக்கு மேல் மெதுவாக நகர்ந்து, நான் கத்தரி வைத்திருந்த இடத்தை மூடியது. வடக்குச் சுவரை ஒட்டிய பகுதிதான் ராஜா. ஜூனில் அங்கேதான் கொஞ்சம் நிழல் தட்டும். டிசம்பரில் காலையிலிருந்து மாலைவரை வெயில்.

தக்காளி, கத்தரி, மிளகாய், காலிஃபிளவர் மாதிரி பூத்துக் காய்க்கிறவற்றுக்கும் பெரிதாகத் திரளுகிறவற்றுக்கும் ஆறு மணி நேரத்துக்குமேல் நேர் வெயில் கிடைக்கிற கட்டம் வேண்டும். கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் நிம்மதி. பாலக், கொத்தமல்லி, புதினா மூன்று நாலு மணி நேரத்திலேயே ஓட்டிவிடும். வேர்க்காய்க்கு வெயில் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் சுண்டுவிரல் முள்ளங்கியே சாட்சி. ஒளியைத் தேடி இலையை நீட்டுவதிலேயே காசு தீர்ந்துபோகும், கீழே சேமிக்க எதுவும் மிஞ்சாது.

இடத்தை மாற்ற முடியாவிட்டால் உயரத்தை மாற்றலாம். தெற்குச் சுவரோரம்தான் இடமிருக்கிறது என்றால், இரண்டு ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் பையை வையுங்கள். பையின் வாய் சுவரின் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நிழல் எங்கே? நான் ஒரு பழைய இரும்புக் கட்டிலைப் போட்டு அதன்மேல் ஆறு பைகள் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் அதில் வந்த பீட்ரூட்டை அத்தை தராசில் வைத்துப் பார்த்தார், அதில் எனக்கு ஒரு திருப்தி.

கொடிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. கோடையில் வெயில் தலைக்குமேல் வருவதால் பந்தலின் மேற்பரப்புக்குத்தான் சாப்பாடு. குளிர்காலத்தில் சாய்ந்து வருவதால், வடக்குச் சுவரோரம் கிழக்கு மேற்காக நிறுத்திக் கட்டிய வலை உச்சி முதல் பாதம்வரை வெயில் வாங்கும். அவரையை, பீன்ஸை இந்தக் காலத்தில் படுக்கையாக ஏற்றாமல் நிற்கவைத்து ஏற்றுங்கள்.

பால்கனி மட்டும் இருக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். தெற்குப் பார்த்த பால்கனி, கோடையில் உபயோகமில்லை என்று நினைத்து சைக்கிள் நிறுத்துகிற இடம், மார்கழியில் தோட்டமாகிவிடும். மேல்தளத்தின் ஓரம் உங்கள் தரையிலிருந்து 9 அடி உயரம், எதிரே கட்டடம் இல்லை என்றால், நண்பகல் வெயில் ஆறரை அடி உள்ளே வரும். கைப்பிடிச் சுவர் முழுச்சுவராக இருந்தால் தொட்டிகளை ஸ்டூலில் ஏற்றுங்கள். வடக்குப் பார்த்த பால்கனிக்கு செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை நேர் வெயில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அங்கே கற்பூரவல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பனிக்குக் காத்திருக்கும் அவரை

ஆடியில் ஒரு கொடி அவரை போட்டிருந்தேன். அத்தை ஊரிலிருந்து, திண்டுக்கல் பக்கம், முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதை. ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு, கொடி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் படர்ந்தது. ஒரு பூ கிடையாது.

"அத்தை, இது மலட்டுக் கொடி போல. எடுத்துட்டு பீர்க்கை போடட்டுமா?"

"கையை ஒடிப்பேன். பனி இறங்கட்டும், அப்புறம் பாரு."

ஐப்பசி மழையில் இலை கொட்டியது. கார்த்திகையில் ஊதாப் பூ தலைகாட்டியது. மார்கழியில் தினம் ஒரு முறம்.

அத்தை பனி என்று சொன்னதைத் தாவர அறிவியல் இரவு என்று சொல்லும். கொடி அவரையின் பழைய ரகங்கள் இரவின் நீளத்தை அளக்கும் செடிகள். இருட்டு ஒரு அளவுக்குமேல் நீண்டால்தான் பூவெடுக்கும். நம் ஊரில் இரவு ஒன்றரை மணி நேரம்தான் கூடுகிறது, ஆனாலும் அது அவரைக்குத் தெரிந்துவிடுகிறது. சாமந்தியும் இதே சங்கதிதான். பொங்கலுக்கு மொச்சையும் அவரையும் சேர்த்துக் குழம்பு வைப்பது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் காய்ப்பது அதுதான், அதனால் அது குழம்பானது. ஆண்டு முழுக்கக் காய்க்கும் செடி அவரை ரகங்கள் இப்போது கிடைக்கின்றன, அவற்றுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. மாடியில் ராத்திரி முழுக்க டியூப் லைட் எரியும் வீடாக இருந்தால், கொடி அவரையை அதன் கீழே ஏற்றாதீர்கள். அதற்கு இருட்டு வந்ததே தெரியாது.

தண்ணீரும் பனியும்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் குளிர்காலத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றித்தான். மே மாதத்தில் இருவேளை ஊற்றிய கை நிற்காது. மார்கழியில் இலை விடும் நீர் குறைவு, மண்ணிலிருந்து ஆவியாவதும் குறைவு. தேங்காய் நார்க் கழிவு கலந்த பையில் மேலே ஒரு அங்குலம் காய்ந்து தெரியும், கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் பெரிய பைகளுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு முறைதான்.

ஊற்றும் நேரம் காலையாக இருக்கட்டும், வேரில் மட்டும் ஊற்றுங்கள். ராத்திரி விழுந்த பனி இலையில் 8 மணிவரை நிற்கும். அதோடு நாமும் இலைமேல் தெளித்தால், வெயில் ஏறியும் காயாமல் ஈரத்தில் கிடந்து புள்ளி புள்ளியாக அழுகத் தொடங்கும். இலைமேல் திருநீறு பூசினாற்போல வருவது சாம்பல் நோய், அது இன்னொரு கதை. அதற்கு இலை நனைந்திருக்கக்கூட வேண்டாம். குளிர்ந்த இரவும் காற்றோட்டமில்லாத நெருக்கமும் நிழலும் போதும். வெண்டை, பூசணி, வெள்ளரிக்குத்தான் முதலில் வரும். பைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காலை வெயில் படும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

அவரைக் கொழுந்தில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிக்கும் இது திருவிழாக் காலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்கு நாலு சொட்டு சோப்புக் கரைசல். இதை வெயில் தாழ்ந்த பிறகு, கொழுந்தின் அடிப்பக்கத்தில் படும்படி தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும், இதமான வெயில்தானே என்று ஏமாறாதீர்கள்.

நமக்கு எந்த வெயில்?

செடிக்கு ஆயிற்று. மனிதர்களுக்கு? கோடையில் 'வெயில்ல காயாதே, உள்ளே வா' என்று பிள்ளைகளை அதட்டுகிற அதே வாய், மார்கழியில் 'கொஞ்சம் வெயில் காய்ஞ்சிட்டு வரேன்' என்று மாடியேறுகிறது. காய்வது ஒன்றுதான், மாதம்தான் வேறு. எங்கள் வீட்டில் காலை ஏழரைக்கு வடக்குச் சுவர்மூலையில் அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாக வேண்டும். தலையில் எண்ணெய், கையில் டம்ளர் காபி, மடியில் அன்றைக்குப் பறித்த அவரை. நாரெடுத்துக்கொண்டே, எதிர் மாடியில் துணி காயப்போடும் அக்காவிடம் அரைமணி நேரம் பேச்சு. கொத்தமல்லிப் பைமேல் கை பட்டால் எழும்புகிற வாசனை மேலே வந்துகொண்டே இருக்கும்.

இந்த இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புறஊதாக் கதிரின் ஒரு பகுதி. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடுகிறது. இதற்கும் ஒரு நிழல் கணக்கு இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில்தான் அந்தக் கதிர் போதிய அளவு தரைக்கு வருகிறது. டிசம்பர் கடைசியில் சென்னையில் அது காலை பத்தேகாலுக்கு மேல் மத்தியானம் இரண்டு மணிக்குள். கோடையில் அந்த நேரத்தில் மாடியில் கால் வைக்க முடியாது. மார்கழியில் களை பிடுங்கிக்கொண்டு கால்மணி நேரம் நிற்கலாம். வாரம் சில நாள் அப்படி நின்றால் பலருக்கு நல்லது. வைட்டமின் குறைபாடு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மாடியேறாதீர்கள். காலை ஏழரை வெயிலைக் கைவிட வேண்டியதும் இல்லை. கண்ணில் படும் காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்துக்கு விடிந்துவிட்டது என்று சொல்கிறது, இரவுத் தூக்கம் நேரத்துக்கு வருகிறது. அத்தைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை, முழங்காலுக்கு இதமாக இருக்கிறது என்பது போதும்.

தைக்குப் பிறகு

தை முதல் நாள் உத்தராயணம் என்கிறோம். வானத்துக் கணக்கில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கிலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்த இரண்டு நாள்களும் இப்போது மூன்று வாரத்துக்குமேல் விலகிப் போயிருக்கின்றன. மாடியில் இதனால் ஒன்றும் குறையில்லை. திரும்பிய சூரியன் முதல் மூன்று வாரத்தில் இரண்டு டிகிரிதான் ஏறுகிறது, பொங்கல் அன்று சாக்பீஸ் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். பொங்கலுக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும்.

சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையிலும் மேகத்திலும் போய்விடுவதால், சுத்தமான குளிர்கால வெயில் என்று கைக்குக் கிடைப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இரண்டு மாதம்தான். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் மாதிரி இங்கிலீஷ் காய்கறிகளுக்கு அக்டோபரிலேயே மழை படாத இடத்தில் குழித்தட்டில் நாற்று விட்டிருக்க வேண்டும். இப்போது ஜனவரியில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவற்றை விட்டுவிடுங்கள். பிப்ரவரிச் சூட்டில் பூ நெகிழ்ந்து, காலிஃபிளவர் பொரிகடலை கொட்டியது மாதிரி பிரிந்துவிடும். முள்ளங்கி, பாலக், கொத்தமல்லிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முள்ளங்கிக்கு நாற்பது நாள் போதும்.

மாசி நடுவில் திரும்ப ஒரு முறை சாக்பீஸை எடுப்பேன். அதற்குள் தெற்குச் சுவரின் நிழல் ஒன்றரை அடிக்குக் கீழே சுருங்கியிருக்கும். வடக்குச் சுவரோரம் மத்தியானத்தில் பாலக் தொங்கத் தொடங்கும். அன்றைக்குக் கட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பச்சை நிழல்வலையைத் தூசி தட்டி எடுப்போம். அவரைக் கொடியில் முற்றிக் காய்ந்த நாலு காயை மட்டும் அத்தை பறிக்கவிடமாட்டார். அது அடுத்த ஆடிக்கு.